ஓலைக்கட்டை அச்சுப் புத்தகமாக்கிய நாவலர்

மேடையிலே பெயர் கூப்பிட்டதும் உங்கள் பிள்ளை ஓடிப்போய்ப் பரிசுப் புத்தகம் வாங்கி வருகிறதல்லவா? பெற்றோர்களே, அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சொற்கள் பிரிந்து நிற்கின்றன. வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளி இருக்கிறது. ஓலைச்சுவடியிலே இதெல்லாம் கிடையாது. பக்கத்தில் வாத்தியார் இருந்தால்தான் படிக்க முடியும். இந்த மாற்றத்துக்காக மிகவும் பாடுபட்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்.

1822 டிசம்பர் 18-இல் நல்லூரில் பிறந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிலே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பைபிளைத் தமிழாக்குவதில் பாதிரியாருக்கு வலக்கையாக இருந்தார். பாதிரிமாரிடம் பள்ளிக்கூடமும் உண்டு, அச்சுக்கூடமும் உண்டு. நம்மவரிடமோ ஓலைக்கட்டுத்தான்!

1848-இல் அந்த வேலையை உதறிவிட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி வந்துவிட்டது, பாடப்புத்தகத்துக்கு எங்கே போவது? மறு வருஷமே மாணவர் சதாசிவப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் பேச்சைக் கேட்டு 'நாவலர்' பட்டம் கொடுத்தார்கள். சென்னையில் இரண்டு நூல்களை அச்சிட்டு முடித்து, ஊருக்குத் திரும்பும்போது கூடவே அச்சு யந்திரமும் வந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? பிள்ளைகளுக்குப் பாலபாடங்களைத் தாமே எழுதினார். 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1861-இல் பரிமேலழகர் உரையோடு திருக்குறள் வந்தது. பல ஏடுகளை ஒப்பிட்டு, பிழை பார்த்து, அதன்பிறகே அச்சேற்றுவார். நாவலர் பதிப்பு என்றால் நம்பி வாங்கலாம் என்ற பெயர் நிலைத்தது. புத்தக வியாபாரத்துக்கு அதைவிட வேறு முதல் ஏது? சென்னை தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் வைத்தார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்த ஊருக்கு வந்தது 1929-இலேதான்!

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்துச் சேர்க்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சாதிக் கட்டுப்பாட்டை அவர் கடைசிவரை விடவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரை அன்று அவருடைய பள்ளி சேர்த்திருக்கும் என்று நினைத்தால் மனசு வலிக்கத்தான் செய்கிறது. அவர் அச்சிட்ட புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. காசு கொடுத்தவன் கைக்கெல்லாம் போனது.

1879 டிசம்பர் 5-இல் காலமானார். 57 வயது நிறைய இன்னும் 13 நாள் இருந்தது. அன்று சென்னைக்குக் கூடப் போன அதே சதாசிவப்பிள்ளைதான் அச்சுக்கூடத்தையும் பள்ளியையும் ஏற்று நடத்தினார்.