உங்க இடது கையில் இருக்கும் அந்தத் தழும்பு: பிசிஜி தந்த ஆல்பேர் கல்மெத் யார்?

சட்டையின் இடது கையை மேலே தூக்கிப் பாருங்க. தோளுக்குக் கொஞ்சம் கீழே வட்டமாக ஒரு சின்னத் தழும்பு இருக்கலாம். அது பிறந்த சில நாட்களில் போட்ட பிசிஜி ஊசியின் அடையாளம். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இன்றும் இதே ஊசிதான் போடப்படுகிறது.

பி, சி, ஜி என்ற மூன்று எழுத்துகளில் 'சி' ஒரு மனிதரின் பெயர். அவர் ஆல்பேர் கல்மெத். பிரெஞ்சுக் கடற்படை டாக்டர்.

கடற்படையில் தொடங்கிய வாழ்க்கை

கல்மெத் 1863 ஜூலை 12 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்தார். 1881இல் பிரெஸ்த் நகரிலிருந்த கடற்படை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அதன்பின் ஹாங்காங், மேற்கு ஆப்பிரிக்கா, கனடா அருகிலுள்ள சின்னத் தீவு என்று பல இடங்களில் வேலை. பார்த்ததெல்லாம் மலேரியா, தூக்க நோய் போன்றவை. நுண்ணுயிர்கள் மீது ஆர்வம் பிறந்தது அங்கேதான்.

பாரிஸ் திரும்பியவர் லூயி பாஸ்தரின் கண்ணில் பட்டார். 1891இல் பாஸ்தர் அவரை சைகோனுக்கு அனுப்பினார். அங்கே தொடங்கிய பாஸ்தர் நிறுவனத்துக்கு கல்மெத்தான் முதல் இயக்குநர்.

சைகோன் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு நெருக்கம் இருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்து அங்கே உத்தியோகத்துக்குப் போன குடும்பங்கள் ஏராளம். ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர்கள் இவை. இங்கே 1823லேயே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். ஜிப்மரின் வரலாறு அந்தப் பள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பீப்பாயில் வந்த நாகப்பாம்புகள்

சைகோனில் கல்மெத்தின் முதல் வேலை, எருமைக் கன்றுகளை வைத்து அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பது. நாய்க்கடிக்கும் மருந்து தயாரித்தார். அந்தச் சமயத்தில் வெள்ளம் வந்து ஒரு கிராமத்துக்குள் நாகப்பாம்புகள் புகுந்தன. பலரைக் கடித்தன, சிலர் இறந்தார்கள். பிடிபட்ட பாம்புகள் ஒரு பீப்பாயில் உயிரோடு அவரிடம் வந்து சேர்ந்தன. விஷத்தைச் சேகரித்து ஆராயத் தொடங்கினார்.

பிரான்ஸ் திரும்பியபின் குதிரையின் உடலில் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுத்தார். அதே காலத்தில் பாரிஸில் வேறு இருவரும் இதே கண்டுபிடிப்பை எட்டியிருந்தார்கள். ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் பலிக்கும் என்று கல்மெத் நம்பினார். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் இன்று பாம்புக்கடிக்குப் போடும் ஊசியின் அடிப்படை முறை அதுதான்.

13 வருஷம், 230 முறை

1895இல் லீல் நகர பாஸ்தர் நிறுவனத்துக்கு இயக்குநரானார். லீல் ஒரு ஆலை நகரம். தொழிலாளர் குடியிருப்புகளில் காசநோய் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. 1901இல் அங்கே காசநோயாளிகளுக்கென்று இலவச மருத்துவ மையம் திறந்தார். சிகிச்சை மட்டும் போதாது, குழந்தைகளுக்கு நோய் வராமல் தடுக்கணும் என்று முடிவு செய்தார். கால்நடை மருத்துவரான கமீல் கெரேன் உடன் சேர்ந்தார். பிசிஜியில் உள்ள 'ஜி' அவர்தான்.

இருவரும் மாட்டைத் தாக்கும் காசநோய்க் கிருமியை எடுத்தார்கள். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாவதைத் தடுக்க, மாட்டின் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். அப்படி வளர்த்தபோது கிருமியின் வீரியம் குறைவது தெரிந்தது. உடனே வழி பிடிபட்டது: மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தால், நோய் தராத, ஆனால் உடலுக்கு எதிர்ப்பைக் கற்றுத்தரும் கிருமி கிடைக்கலாம்.

1908இல் தொடங்கிய வேலை 1921 வரை ஓடியது. 13 வருஷத்தில் சுமார் 230 முறை மாற்றினார்கள்.

நடுவில் முதல் உலகப்போர். 1914 மார்ச்சில் அவருடைய அண்ணன், பத்திரிகை ஆசிரியர் கஸ்தோன் கல்மெத், பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்களில் லீல் நகரம் ஜெர்மன் படையின் கையில் போனது. கல்மெத்தின் மனைவியைப் பிணைக்கைதியாகப் பிடித்துப் போனார்கள். உருளைக்கிழங்கும் பித்தநீரும் கிடைப்பதே கஷ்டமானது. அப்போதும் கிருமியை மாற்றுவதை நிறுத்தவில்லை.

முதல் குழந்தை

1921 ஜூலையில் பாரிஸின் ஷாரித்தே மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்ற தாய் காசநோயால் இறந்துவிட்டார். குழந்தையை வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். தடுப்பு மருந்து தராவிட்டால் குழந்தை பிழைக்குமா என்பதே சந்தேகம். வெய்ல்-ஹாலே என்ற குழந்தை மருத்துவர், கல்மெத்தின் மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார். பாதிப்பு எதுவும் இல்லை. அந்தக் குழந்தைக்குக் காசநோயும் வரவில்லை. அடுத்த 7 வருஷத்தில் பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது தரப்பட்டது.

லூபெக்: 72 மரணங்கள்

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பேரிடி விழுந்தது. தடுப்பு மருந்து குடித்த சுமார் 250 குழந்தைகளில் 72 பேர் காசநோயால் இறந்தார்கள். பழி முழுவதும் கல்மெத் மீது விழுந்தது. பல நாடுகள் பயந்து பின்வாங்கின.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. லூபெக் ஆய்வகத்தில் தடுப்பு மருந்தையும் வீரியமான காசநோய்க் கிருமியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். இரண்டும் கலந்துபோனது. பாரிஸிலிருந்து போன கிருமியில் குறை இல்லை. 1932இல் அங்கிருந்த இரண்டு மருத்துவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனாலும் அந்தக் குழந்தைகளின் மரணம் கல்மெத்தை உலுக்கிவிட்டது. 1933 அக்டோபர் 29 அன்று, 70 வயதில், பாரிஸில் காலமானார். தடுப்பு மருந்து தயாரிக்கும் இடத்தில் வேறு கிருமி இருக்கக்கூடாது என்ற கண்டிப்பின் விலை என்ன என்பதை லூபெக் காட்டியது.

நம்ம ஊருக்கு வந்த கதை

இந்தியாவில் 1948இல் பிசிஜி தொடங்கியது. அதே வருஷம் சென்னை கிண்டியில் பிசிஜி தடுப்பு மருந்து ஆய்வகம் அமைந்தது. அதற்குள் குடிக்கும் மருந்து, தோலில் போடும் ஊசியாக மாறியிருந்தது.

1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் மிகப் பெரிய சோதனை நடந்தது. முடிவு பலருக்கு அதிர்ச்சி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை.

அப்படின்னா எதுக்கு இன்னும் போடுறாங்க? பச்சிளம் குழந்தையைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகை டிபியிலிருந்தும், உடம்பு முழுக்கப் பரவும் டிபியிலிருந்தும் அது நன்றாகக் காப்பாற்றுகிறது. கல்மெத் பயந்ததும் இந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது

- பிறந்தவுடன் போடுவதே நல்லது. தவறினால் ஒரு வயதுக்குள் போடலாம்.
- இடது மேல்கையில், தோலுக்குள்ளேயே போடுவார்கள். ஒரு மாதத்துக்குள் 0.05 மில்லி, அதன்பின் 0.1 மில்லி. போட்ட இடம் சின்னதாக மேலெழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும்.
- இரண்டு மூன்று வாரம் கழித்து கட்டி வரும், சீழ் வடியும், ஆறித் தழும்பாகும். இது இயல்பு. எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் தடவாதீங்க. பிதுக்காதீங்க.
- அக்குளில் நெறி கட்டிப் பெரிதானாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்க.
- எதிர்ப்புச் சக்தி குறைபாடு உள்ள குழந்தை என்றால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லணும்.
- தழும்பே வரலையா? கவலை வேண்டாம், திரும்பப் போடத் தேவையில்லை.

பிசிஜி போட்டாச்சு, இனி டிபியே வராது என்று இருந்துவிடவும் கூடாது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அன்று பாரிஸில் அந்தக் குழந்தைக்கு ஆபத்து வந்தது பாட்டியின் இருமலிலிருந்துதான். இன்றும் குழந்தைக்கு டிபி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.