மடமும் மன்றமும்

மயிலாடுதுறையை அடுத்த நடுத்திட்டு என்னும் சிற்றூரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் அரங்கநாதன். இளமையிலேயே தருமபுர ஆதீனத்தில் துறவு பூண்ட அவர், 1952இல் குன்றக்குடித் திருமடத்தின் தலைமையை ஏற்றார். குன்றக்குடி அடிகளார் என நாடு அவரை அறிந்தது.

சமயத்தின் பெயரால் நிலவிய சாதி வேற்றுமையைக் கடவுள் மறுப்பாளர் கடிந்துரைத்த காலம் அது. மடத்துக்குள் ஒதுங்கியிருந்தால் அக்குற்றச்சாட்டுக்கு விடை கிடைக்காது என உணர்ந்தார் அடிகளார். கொள்கையால் மாறுபட்ட பெரியாரோடு நட்புப் பூண்டார்; தீண்டாமையைக் கண்டித்தார். 1965இல் எழுந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவியுடையோடு கலந்துகொண்டார். பின்னர்த் தமிழகச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.

பதவி அவருக்கு முடிவன்று, கருவியே. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு குன்றக்குடியில் சிறுதொழில்களை வளர்த்தார். அவ்வூரின் முன்னேற்றத் திட்டம் பிற ஊர்களுக்கும் வழிகாட்டியது. 1982இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது நேரில் சென்று அமைதிக்கு உழைத்தார். திருக்குறள் நெறியைப் பரப்பிய அவருக்குத் தமிழக அரசு திருவள்ளுவர் விருது வழங்கியது.

1995இல் அடிகளார் மறைந்தார். துறவு என்பது உலகைத் துறப்பதன்று, தன்னலத்தைத் துறப்பதே என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.