தீவில் வாழ்ந்த தேரர்

கொள்ளேகாலத்தினின்று ஹனூர், கௌதள்ளி வழியாக மாதேசுவரன் மலைக்கு நடக்கும் அடியார்களை அன்பர்கள் கண்டிருக்கலாம். ஊர் பின்தங்கிக் காடு சூழ்ந்ததும் அவர்களது பேச்சு ஓய்ந்துவிடும். சிலருக்கு அவ்வமைதி இன்பம், சிலருக்கோ அச்சம். நாடிச் சென்றவனுக்கு ஏகாந்தமாவதே, உள்ளே தள்ளப்பட்டவனுக்குத் துயரமாகிறது. இவ்விரண்டையும் கடலுக்கப்பால் இலங்கையில் வாழ்ந்த ஒரு துறவி கண்டார். அவரே ஞானதிலோக மகாதேரர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1878-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வீஸ்பாடன் நகரிற் பிறந்த இவரது இயற்பெயர் அந்தோன் குவேத். வயலின் வாசிப்பதில் தேர்ந்து, அக்கலையாற் பொருளீட்டியே கீழ்நாடுகளை நோக்கிப் பயணமானார். 1903-இல் இரங்கூனில் சாமணேரராகி, மறு ஆண்டு உபசம்பதை பெற்றார். பிக்குவுக்கு இசைக்கருவி ஆகாது. வீட்டைத் துறப்பதினும் வயலினைத் துறப்பதே அவருக்கு அரிதாயிருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

1911-இல் இலங்கையின் தென்கரையில், தொடந்துவைக்கு அருகே உப்பங்கழியிடையுள்ள பொல்கஸ்துவ என்னும் சிறு தீவில் ஆசிரமம் அமைத்தார். புதர் மண்டிய நிலத்தில் பிக்குகளுக்குத் தனித்தனிக் குடில்கள் எழுந்தன. நாற்புறமும் நீர். பிட்சைக்குப் படகேறிக் கரைக்குச் செல்வர். மற்றைப் பொழுது தியானமும் பாளி நூலாராய்ச்சியுமே.

1914-இல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஜெர்மானியர் யாவரும் பகைவர். காவி உடுத்தவர்க்கும் விலக்கில்லை. தியத்தலாவை முகாம், பின் ஆஸ்திரேலியா. அங்கிருந்து விடுபட்டுச் சீனம் சென்றால் ஆண்டும் சிறை. தாய்நாடு மீண்டு, பின்னர் ஜப்பானில் ஆசிரியப் பணி புரிந்து, 1926-இல் தம் தீவை மிதித்தபோது அது காடாகிக் கிடந்தது. மறுபடியும் புதரை வெட்டுவதிலிருந்து தொடங்கினார்.

1939-இல் இரண்டாம் போர். மீண்டும் தியத்தலாவை, பின் இமயத்தை அடுத்த டேராடூன். ஏகாந்தம் வேண்டியவர்க்கு முள்வேலிக்குள் கிடைத்தது கூட்டம். அக்கூட்டத்தின் நடுவே கைதியின் தனிமை. தீவின் அமைதி தீவுக்கே உரியதாயின் அவர் அங்கு உடைந்திருப்பார். அவரோ நூற்பணியை விடவில்லை. அவர் தொகுத்த பௌத்த அகராதியின் முன்னுரை, 1946-இல் அம்முகாமிலிருந்தே எழுதப்பட்டதாகும். அவ்வாண்டே விடுதலை பெற்றுத் தீவுக்குத் திரும்பினார். விசுத்திமார்க்கத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1952-இல் முழுமையாக வெளிவந்தது.

இறுதி ஆண்டுகளைக் கண்டியின் வனக்குடிலிற் கழித்து, 1957 மே 28-இல் கொழும்பில் காலமானார். தனிமையை நாடியவர்க்கு இலங்கை அரசு அரச மரியாதையுடன் ஈமக்கடன் ஆற்றிற்று. பிரதமர் பண்டாரநாயக்காவும் வந்து நின்றார்.