ஹாரி ட்ரூமன் பட்டாளம் புகுந்த வரலாறு

ஒருவர் அடைந்த உயர்பதவியைக் கொண்டே அவரை அளப்பது உலக வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாய் 1945 முதல் 1953 வரை வீற்றிருந்த ஹாரி ட்ரூமனைப் பற்றிப் பேசுவோரும் அப்பதவிக் காலத்துச் செய்திகளையே பெரிதும் பேசுவர். நாமோ இங்கு அவருடைய வாழ்வில் அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒரு செய்கையை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஓய்வு நேரத்தில் கவாத்துப் பழகிய ஒரு குடியானவர், பயிற்சி முற்றுப்பெறுமுன்னரே தம் முழு வாழ்வையும் சேனைக்கு ஒப்புவித்த செய்கையே அது.

ட்ரூமன் 1884-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி மிஸ்ஸௌரி மாகாணத்து லாமார் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே கண்பார்வை குன்றியமையால் தடித்த மூக்குக் கண்ணாடி அணிய நேர்ந்தது. கண்ணாடி உடையுமென்ற அச்சத்தால் மற்றச் சிறுவரோடு கூடி ஓடியாட இயலாமற் போயிற்று. அக்குறையை அவர் நூல்களால் நிரப்பிக்கொண்டார். படைத் தலைவர்களின் சரித்திரங்களை விரும்பிப் பயின்றார். வெஸ்ட் பாயிண்டு ராணுவக் கலாசாலையிற் சேர்ந்து பயில வேண்டுமென்பது அவருடைய ஆசை. கண்ணின் குறை அவ்வாசைக்குத் தடையாயிற்று. தந்தையார் தானிய வியாபாரத்திற் பொருளிழந்தமையால் வேறு கலாசாலைக்கும் செல்ல வகையில்லை. கான்சாஸ் நகரத்து வங்கியொன்றில் குமாஸ்தாவாய் அமர்ந்தார்.

அந்நாளில் அவர் கண்ட வழியே நேஷனல் கார்டு. இது மாகாணந்தோறும் அமைந்த தொண்டர் படை. இதிற் சேர்ந்தோர் தத்தம் தொழிலை விடாது செய்துகொண்டு, குறித்த தினங்களில் மாத்திரம் கூடிக் கவாத்துப் பழகுவர். வேனிற் காலத்திற் சில தினங்கள் பாசறையில் தங்குவர். சமாதான காலத்தில் மாகாண கவர்னரின் ஆணைக்கு உட்பட்ட இப்படை, யுத்தம் மூண்டு மத்திய அரசாங்கம் அழைக்குமாயின் முழுநேர சேனையாய் மாறும். 1905-இல் ட்ரூமன் இதன் பீரங்கிப் பிரிவொன்றிற் சேர்ந்தார். நீலச் சட்டை தரித்துப் பெருமிதத்துடன் பாட்டியார் வீடு சென்றபோது, அம்மூதாட்டி அவ்வுடையோடு இனி இவ்வீட்டு வாயிலை மிதிக்கலாகாதென்று கடிந்துகொண்டார். உள்நாட்டு யுத்த காலத்தில் நீல உடையணிந்த வடபுலத்துச் சிப்பாய்களே அக்குடும்பத்தின் பண்ணையைச் சூறையாடினவர்கள் என்பது அதற்குக் காரணம்.

1906-இல் தந்தையாருக்குத் துணையாகக் கிராண்டுவியூ என்னும் ஊரிலுள்ள 600 ஏக்கர் பண்ணைக்கு ட்ரூமன் திரும்பினார். ஏர்த்தொழிலுக்கிடையே கவாத்தையும் கைவிடாது கார்ப்பொரல் நிலையை எய்தினார். 1911-இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், பண்ணை வேலையின் மிகுதியால் அப்படையினின்றும் நீங்கினார். 1914-இல் தந்தையார் மறைய, குடும்பப் பாரம் முழுதும் அவர் தோள்மேல் ஏறியது.

1917 ஏப்ரல் 6-ஆம் தேதி அமெரிக்கா ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்தது. அப்போது ட்ரூமனுக்கு வயது முப்பத்து மூன்று நிரம்பும் தருணம். கட்டாயச் சேவைக்காகப் பெயர் பதிய வேண்டினோர் இருபத்தொன்று முதல் முப்பது பிராயம் வரையுள்ளவரே. ஆகவே வயதினால் அவர் விலக்குப் பெற்றவர். உணவுப் பொருள் விளைவிக்கும் குடியானவராதலாலும் விலக்குண்டு. முதிய தாயார்க்கும் மணமாகாத தங்கைக்கும் அவரே ஆதரவு. கண்ணோ போருக்கு உதவாதது. தொண்டர் படையை விட்டு நீங்கியும் ஆறு ஆண்டுகளாயின. வீட்டிலிருப்பதற்கு இத்தனை நியாயங்கள் இருந்தும் அவர் ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை. பழைய தோழர்களோடு மீண்டும் கூடி, புதிய பட்டாளத்திற்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டார். கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையை மனப்பாடஞ் செய்து தேறினார் என்பர். பொய்ம்மையை நாம் மெச்சுவோமல்லோம். அவருக்கிருந்த ஆர்வத்தின் அளவு இதனாற் புலப்படுமென்றே கூறினோம்.

இவ்விடத்தில் வீட்டாரின் நிலையையும் நேயர்கள் கருத வேண்டும். அறுபது வயதைக் கடந்த தாயாரும் தங்கை மேரி ஜேனும் 600 ஏக்கர் நிலத்தை ஏற்று நடத்த வேண்டியவராயினர். ஆள் கிடைப்பது அரிதாயிருந்த யுத்த காலத்தில் தங்கையே பண்ணைக் காரியங்களை முன்னின்று பார்த்தார். ட்ரூமன் பல்லாண்டுகளாய் விரும்பியிருந்த பெஸ் வாலஸ் என்னும் நங்கை, அவர் யுத்தத்திற்குச் செல்லுமுன் மணம் முடித்துக்கொள்ள இசைந்தார். தாம் அங்கங் குறைந்து திரும்பின் அப்பெண்ணின் வாழ்வு பாழாகுமென்று கருதி ட்ரூமனே அதைத் தள்ளிவைத்தார். வீரன் தன் உயிரொன்றையே பணயம் வைப்பதாக நாம் நினைக்கின்றோம். அவன் வீட்டாரும் உடன் பணயம் வைக்கின்றனர். அவர்களை வினவுவார் இல்லை.

அக்காலத்தில் தொண்டர் படையினர் தம் அதிகாரிகளைத் தாமே வாக்களித்துத் தேர்ந்துகொள்வது வழக்கம். ஸர்ஜெண்டு பதவி கிட்டினாற் போதுமென்றிருந்த ட்ரூமனை அவர்கள் முதல் லெப்டினென்டாகத் தேர்ந்தனர். 1917 ஆகஸ்டு 5-ஆம் தேதி அப்பட்டாளம் மத்திய சேனையில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 129-ஆம் பீரங்கிப் பட்டாளம் எனப் பெயர் பெற்றது. அன்று முதல் அவர்கள் பகுதிநேரத் தொண்டரல்லர். நாடு ஏவிய இடத்திற்கு ஏவிய நேரத்திற் செல்லக் கடமைப்பட்ட முழுநேரப் போர்வீரர்.

பிரமாணம் முந்தி வந்தது. பயிற்சி பின்னரே வர வேண்டியிருந்தது. கடையிலும் கழனியிலும் ஆபீசிலும் நேற்றுவரை இருந்தவர்கள் இன்று சிப்பாய்கள். அவர்களுக்கு அதிகாரியான ட்ரூமன் அறிந்ததோ, வாரந்தோறும் பழகிய பழைய கவாத்தே. அது போதாதென்பதை அவர் நன்குணர்ந்தார். ஒப்புக்கொண்ட பொறுப்புக்கும் பெற்றிருந்த அறிவுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடப்பதே அடுத்த ஓராண்டு அவர் செய்த தவமாயிற்று.

செப்டம்பர் மாத இறுதியில் பட்டாளம் ஓக்லஹோமாவிலுள்ள டோனிபன் முகாமை அடைந்தது. புழுதிக் காற்றும் கடுங்குளிரும் வாட்ட, கூடாரங்களிற் பயிற்சி நடந்தது. அதனோடு பட்டாளக் கடையை நடத்தும் பொறுப்பும் ட்ரூமனுக்கு வாய்த்தது. வியாபாரத்திற் பழகிய எட்டி ஜேகப்ஸன் என்னும் யூத நண்பரைத் துணைக்கொண்டு அதனை இலாபமுற நடத்தினார். மற்ற முகாம்களில் இத்தகைய கடைகள் நஷ்டமடைந்த காலம் அது. நிரந்தர சேனையின் அதிகாரிகள் தொண்டர் படையிலிருந்து வந்தவர்களை இளக்காரமாய் நோக்கினர். ட்ரூமன் வாதாடவில்லை, பாடத்தைப் பயின்றார்.

1918 மார்ச்சு 30-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கப்பலேறிப் பிரான்சு தேசம் சேர்ந்தார். மொண்டிஞி-ஸூர்-ஓப் என்னும் ஊரிலிருந்த பீரங்கிப் பள்ளியில் காலை முதல் இரவு வரை கணித பாடம். கலாசாலைப் படியேறாத குடியானவர், பட்டதாரிகளோடு ஒக்க அமர்ந்து குறி கணிக்கும் வித்தையைக் கற்றுத் தேறினார். திரும்பியதும் உடன் அதிகாரிகளுக்குத் தாமே கற்பித்தார்.

ஜூலை மாதம் காப்டன் ட்ரூமனிடம் டி பாட்டரி என்னும் பிரிவு ஒப்புவிக்கப்பட்டது. சற்றேறக்குறைய இருநூறு பேர் கொண்ட அப்பிரிவினர் பெரும்பாலும் கான்சாஸ் நகரத்து ஐரிஷ் கத்தோலிக்க இளைஞர். எவருக்கும் அடங்காதவரென்று பெயரெடுத்தவர்கள். முன்னிருந்த காப்டன்கள் அவர்களை அடக்க மாட்டாது அகன்றனர். முதல் நாள் அவர்கள்முன் நின்றபோது தாம் அடைந்த அச்சத்தை ட்ரூமன் பிற்காலத்தில் மறைக்கவில்லை. மறுநாள் கீழதிகாரிகளை அழைத்து, அவர்களோடு இணங்கிப் போவது தம் வேலையன்று, தம்மோடு இணங்குவதே அவர்கள் வேலை என்பதை விளங்க வைத்தார். உணவையும் உடையையும் கவனித்தார், குற்றத்தைத் தண்டித்தார், பட்சபாதம் காட்டினாரில்லை.

ஆகஸ்டு 29-ஆம் தேதி இரவு வாஸ்ஜ் மலைப்பகுதியில் முதற் சோதனை வந்தது. அவர்கள் குண்டு வீசி முடித்ததும் ஜெர்மானியர் பதிற்குண்டு பொழிந்தனர். குதிரைகள் வீழ்ந்தன. ஸர்ஜெண்டொருவன் ஓடும்படி கூவ, பலர் ஓடினர். குதிரையோடு குழியில் வீழ்ந்தெழுந்த ட்ரூமன் நின்ற இடத்தினின்றும் பெயராது, ஓடுபவரைச் சுடுசொற்களால் வைது திருப்பினார். ஒருவரும் இறக்கவில்லை. அன்று முதல் அவர்கள் அவருடைய மனிதராயினர்.

செப்டம்பர் 26-இல் மியூஸ்-ஆர்கோன் பெரும்போர் தொடங்கியது. அவர்கள் சேர்ந்திருந்த 35-ஆம் டிவிஷன் சில தினங்களுக்குள் ஆயிரக்கணக்கானோரைச் சேதங்கொடுத்துப் பின்னிழுக்கப்பட்டது. பயிற்சிக் குறைவும் தலைமையின் குழப்பமும் அதற்குக் காரணமென்று ஆராய்ந்தோர் கூறினர். பயிலாத கையில் ஆயுதம் கொடுப்பதன் விலை எத்தகையதென்பதை ட்ரூமன் கண்ணெதிரே கண்டார். நவம்பர் 11-இல் பீரங்கிகள் ஓய்ந்தபோது, அவர் நேராய் நடத்திய பிரிவில் பகைவர் குண்டுக்கு ஒருவரும் பலியாகவில்லை. அதிர்ஷ்டம் ஒரு பங்கு. இரவு விளக்கொளியிற் போட்ட கணக்கும் ஒரு பங்கு.

1919 மே 6-ஆம் தேதி சேனையினின்றும் விடுபட்டு, ஜூன் 28-இல் காத்திருந்த பெஸ் அம்மையாரை மணந்தார். ஜேகப்ஸனோடு கூடித் தொடங்கிய துணிக்கடை 1922-இல் நொடித்தது. கடனைப் பல்லாண்டுகள் முயன்று அடைத்தார். அவ்வாண்டே மாவட்டப் பதவியொன்றுக்குத் தேர்தலில் நின்றபோது பழைய பாட்டரித் தோழர்களே துணைநின்றனர். ரிசர்வ் படையை மாத்திரம் அவர் விட்டாரில்லை. ஆண்டுதோறும் முகாம் சென்று 1932-இல் கர்னல் ஆனார். இரண்டாம் உலக யுத்தம் நெருங்கியபோது, செனட் சபை அங்கத்தினராயிருந்தும் மீண்டும் முழுநேரச் சேவைக்கு வர முன்வந்தார். சேனாபதி மார்ஷல் வயது மிகுதியென்று மறுத்தனுப்பினார்.

ஜனாதிபதியான பின், 1948 ஜூலை 26-ஆம் தேதி, சேனையில் நிறபேதமின்றி யாவரையும் சமமாய் நடத்த ஆணையிட்டவர் அவரே. ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீழ்ந்ததும் அவருடைய ஆட்சியில்தான். அதைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. 1949 ஜனவரியில் பதவிப் பிரமாண ஊர்வலம் சென்றபோது டி பாட்டரியின் முதியோர் அவருடைய வண்டியின் இருபுறமும் நடந்து வந்தனர். 1972 டிசம்பர் 26-ஆம் தேதி, எண்பத்தெட்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே, இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? ஆயத்தம் முற்றுப்பெறும் வரை காத்திருப்போமாயின் பொறுப்பேற்கும் நாள் வாராமலே போகும். பொறுப்பை ஏற்றபின் கற்க மறுப்போமாயின் நம்மை நம்பினோர் உயிர் வீணாகும். ட்ரூமன் முதலில் துணிந்தார். பின் இரவு பகலாய்க் கற்றார். இவற்றுள் ஒன்றை மாத்திரம் புகழ்ந்து மற்றொன்றை மறத்தல் தகாது. பட்டாளத்திலாயினும் தொழிலிலாயினும் பிரமாணஞ் செய்து புறப்படும் நம் இளைஞர் இரண்டையும் கைக்கொள்க. அவர்களை அனுப்பிவிட்டு வயலையும் வீட்டையும் காத்துநிற்கும் அன்னையரையும் தங்கையரையும் நாம் அனைவரும் மறவாதிருப்போமாக.