ஆயிரத்தைக் கையில் கொடுத்தவர்

குழந்தைகளே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூற்று ஐந்து என்பதை எண்ணால் எழுதுங்கள். எழுதிவிட்டீர்களா? 105 தானே? இதெல்லாம் ஒரு கணக்கா என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்போ, இரண்டாம் வகுப்போ படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் அவர்களை எழுதச் சொல்லிப் பாருங்கள். சிலர் 1005 என்று எழுதிக் காட்டுவார்கள்.

நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில், தம்மம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். ஒரு சிறுவன் சிலேட்டில் இப்படித்தான் எழுதினான். தப்பு என்று சொல்லி, 105 என்று பத்து முறை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் பத்து முறையும் சரியாக எழுதி வந்தான். சரி, நூற்று ஏழு எழுது என்றேன். 1007 என்று எழுதினான்! எனக்குக் கோபம் வந்தது. திட்டிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அவன் மேல் என்ன தவறு? நூறு என்று காதில் விழுந்தது, 100 எழுதினான். ஏழு என்று விழுந்தது, பக்கத்தில் 7 எழுதினான். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான். இடமதிப்பு என்றால் என்ன என்று அவனுக்குப் புரியும்படி நான்தான் சொல்லித் தரவில்லை. எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்கே அப்போது தெரியாது. வெகு காலம் கழித்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். அந்த வழியைக் கண்டுபிடித்தவர், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன ஒரு பெண்மணி. பெயர் மரியா மாண்டிசோரி. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

டாக்டர் ஆன சிறுமி

இத்தாலி நாட்டில் கியாரவாலே என்ற சிறிய ஊரில் 1870 ஆகஸ்டு 31-ம் தேதி மரியா பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் புத்தகங்கள் படிப்பதில் ஆசை உள்ளவர். மரியா சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிவந்தது.

மரியாவுக்குக் கணக்கு என்றால் கொள்ளை ஆசை. பொறியாளர் ஆக வேண்டும் என்று 13 வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். பிறகு அவர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. பெண் பிள்ளைக்கு டாக்டர் படிப்பு எதற்கு என்று பலர் தடுத்தார்கள். தந்தைக்கும் விருப்பமில்லை. மரியா விடவில்லை. ஆண்களோடு சேர்ந்து உடலை அறுத்துப் படிக்கக் கூடாது என்று சொன்னதால், எல்லாரும் போன பிறகு தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

டாக்டராக அவர் பார்த்த காட்சி ஒன்று அவர் வாழ்க்கையையே மாற்றியது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அப்போது மனநோயாளிகளோடு சேர்த்து ஒரு அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே பொம்மை கிடையாது, புத்தகம் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். பசியால்தான் பொறுக்குகிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மரியா உற்றுப் பார்த்தார். அவர்கள் அதைத் தொட்டும் உருட்டியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பசி வயிற்றில் இல்லை, கைகளில்தான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

இத்தார், செகென் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டுப் பார்த்துக் கற்கும் பொருள்களைச் செய்து அந்தக் குழந்தைகளிடம் கொடுத்தார். எதற்கும் ஆக மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு தேர்வு எழுதித் தேறினார்கள். எல்லாரும் மரியாவைப் பாராட்டினார்கள். அவருக்கோ வேறு கவலை. இந்தக் குழந்தைகளாலேயே இவ்வளவு முடியும் என்றால், மற்றக் குழந்தைகள் ஏன் பள்ளியில் இத்தனை சிரமப்படுகிறார்கள் என்று யோசித்தார்.

1907 ஜனவரி 6-ம் தேதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். பெற்றோர் வேலைக்குப் போனதும் தெருவில் திரிந்த சுமார் 50 சின்னக் குழந்தைகள் அங்கே வந்தார்கள். சில ஆண்டுகளில் உலகமே அந்தப் பள்ளியைத் திரும்பிப் பார்த்தது.

பொன்மணிகள்

இடமதிப்புக்கு வருவோம். மரியா தங்க நிற மணிகளை எடுத்துக்கொண்டார். ஒரு மணி, ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு பத்து. பத்துக் கம்பிகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டினால் ஒரு சதுரம், அது நூறு. பத்துச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கனசதுரம், அது ஆயிரம்.

நாலைந்து வயதுக் குழந்தை ஒன்றை இரண்டு விரலால் எடுக்கும். ஆயிரத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்! தாளில் எழுதினால் 100-க்கும் 1000-க்கும் ஒரு பூச்சியம்தான் வித்தியாசம். கையில் தூக்கினால் எவ்வளவு வித்தியாசம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மணிகளோடு எண் அட்டைகளும் உண்டு. ஒன்றுகளுக்குச் சிறிய அட்டை. பத்துகளுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு நீளம். நூறுகளுக்கு மூன்று மடங்கு, ஆயிரங்களுக்கு நான்கு மடங்கு. நூற்று ஐந்து வேண்டுமா? 100 அட்டையை வைத்து, அதன் கடைசிப் பூச்சியத்தின்மேல் 5 அட்டையை வைக்க வேண்டும். 105 வந்துவிட்டது! நடுவில் எட்டிப் பார்க்கும் பூச்சியம், இங்கே பத்துகள் ஒன்றும் இல்லை என்று சொல்கிறது. 5 என்பது 100-க்குப் பக்கத்தில் உட்காரவில்லை, அதன் மடியில் உட்காருகிறது. என் மாணவனுக்கு நான் காட்டத் தவறியது இதைத்தான்.

கழித்தலும் மணிகளிலேயே நடக்கும். 32-ல் 15 போக எவ்வளவு? 2-ல் 5 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று நாம் சொல்கிறோம். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா? கணக்கில் யாராவது திருப்பித் தருகிறோமா? மரியாவின் வகுப்பில் குழந்தை ஒரு பத்துக் கம்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பத்து உதிரி மணிகளை வாங்கி வரும். இப்போது உதிரி 12. அதில் 5 போக 7. மீதி இரண்டு கம்பியில் ஒன்று போக ஒன்று. விடை 17. கடைக்காரரிடம் 10 ரூபாய்க்குச் சில்லறை மாற்றுவது போலத்தான். கடனே இல்லை!

கணக்குக் கற்பிப்பது பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1934-ல் ஸ்பெயின் நாட்டில் வெளிவந்தது. ஆனால் அதே காலத்தில், சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சி நடந்த இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. நெதர்லாந்துக்குப் போனார்.

சென்னைக்கு வந்த ஆசிரியை

1939 நவம்பரில் மரியா எங்கே வந்தார் தெரியுமா? நம் சென்னைக்கு! அப்போது அவருக்கு வயது 69. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைப்பின் பேரில், மகன் மரியோவுடன் வந்தார். ஓலைக் குடிசைகளில் வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். ஆனால் இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. 1940 ஜூன் 10-ம் தேதி இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், இத்தாலியர்கள் எல்லாரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை, அப்போது அகமதுநகர் என்று அழைக்கப்பட்ட ஊரில் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வயதில், அந்நிய நாட்டில், மகனையும் பிரிந்து அவர் எப்படித் தவித்திருப்பார்!

ஆகஸ்டு 31 வந்தது. மரியாவின் 70-வது பிறந்த நாள். அன்று வைஸ்ராய் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார். மகனை விடுதலை செய்ததுதான் அந்தப் பரிசு.

போர் முடியும்வரை நாடு திரும்ப முடியவில்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. 1942-லிருந்து இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துக் கற்பித்தார். இலையும் பூச்சியும்கூட அங்கே பாடம் ஆயின. அகமதாபாத், கராச்சி, இலங்கை என்று போய்ப் பயிற்சி கொடுத்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பியவர், 1947-ல் மீண்டும் இந்தியா வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இங்கே அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1952 மே 6-ம் தேதி நெதர்லாந்தில் காலமானார்.

அவரை வெளியேற வைத்த இத்தாலி, பிறகு 1990-ல் அவர் படத்தை ரூபாய் நோட்டு போன்ற தன் லிரா நோட்டில் அச்சிட்டது. எந்த நோட்டில் தெரியுமா? 1000 லிரா நோட்டில்! ஆயிரத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்தவருக்குப் பொருத்தமான இடம்தானே? யூரோ பணம் வந்த 2002-வரை அந்த நோட்டு புழக்கத்தில் இருந்தது.

நீங்களும் செய்யலாம்

2007-ல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போதுதான் நான் மரியாவின் முறையைப் பற்றி விரிவாகப் படித்தேன். எங்கள் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். சிற்பக் கூடங்களில் கழித்துப் போட்ட மெல்லிய பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, எண்களை எழுதி வகுப்புக்குக் கொண்டுபோனேன். 1005 எழுதிய சிறுவன் அதற்குள் வளர்ந்து பெரியவனாகிவிட்டான். அவனைத் திட்டியதும், அவனுக்கு இதைக் காட்ட முடியாமல் போனதும் எனக்கு இன்றும் வருத்தம்.

நீங்கள் அப்படி வருத்தப்பட வேண்டாம். பழைய துடைப்பத்தின் ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டினால் நூறு. காலண்டர் அட்டையில் 1 முதல் 9 வரையும், 10 முதல் 90 வரையும், 100 முதல் 900 வரையும் எழுதி வெட்டுங்கள். பூச்சியத்தின்மேல் பொருந்தும்படி அளவு சரியாக இருக்கட்டும். தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, 105 குச்சி எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு பெரிய கட்டும் ஐந்து உதிரியும் எடுத்து வந்தால், அட்டையை வைத்துக் காட்டுங்கள்.

தவறாக எழுதினால் சிரிக்காதீர்கள், குழந்தைகளே. கட்டைப் பிரித்து, மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள்.