ஒருநேர அன்னமும் அளவின் தர்மமும்

அய்யா துணை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. அதற்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருப்பது திருச்செந்தூர். கொல்லம் 1008 மாசி மாதம், அதாவது 1833-ம் ஆண்டு, நோயினால் மெலிந்துபோன ஓர் இளைஞரைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு அவருடைய தாயாரும் உறவினரும் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் பெயர் முத்துக்குட்டி. வயது 24.

1809-ம் ஆண்டு, இன்று சாமிதோப்பு என்று வழங்கும் ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். எளிய குடியில் பிறந்த பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் ஆகாது என்று மேல்சாதியார் மறுத்ததனால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் வைப்பதற்கே உரிமை இல்லாத மக்களுக்குச் சோற்றில் மட்டும் உரிமை இருந்திருக்குமா? தலைவரி, பனைவரி என்று வரிகள் குவிந்தன. கூலி இல்லாமல் வேலை வாங்கும் ஊழியம் வேறு இருந்தது. பனையேறிப் பிழைத்தவர்கள் பதநீர்க் காலத்தில் பதநீரும் கருப்பட்டியும், மற்றக் காலத்தில் பனங்கிழங்கும் கஞ்சியும் கொண்டு வயிற்றைக் கழுவினார்கள். ஆற்றுப்பாசனத்தில் விளைந்த நெல்லின் சோறு அவர்களில் பலருக்கு நல்லநாள் சோறு.

செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டியைக் காணவில்லை. தாயார் கரையிலேயே அழுது காத்திருந்தார். மூன்றாம் நாள், மாசி 20 அன்று, நாராயணரே வைகுண்டராய் அலைவாயிலிருந்து எழுந்து வந்தார். மகனே என்று ஓடிவந்த தாயிடம் தாம் இனி உலகத்தார் அனைவர்க்கும் உரியவர் என்று உணர்த்திவிட்டு, தெச்சணத்தை நோக்கி நடந்தார். அந்த நாளையே அன்புக்கொடி மக்கள் ஆண்டுதோறும் அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள். திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் புறப்படும் ஊர்வலங்கள் நாகர்கோவிலில் கூடி, மாசி 20 அன்று சாமிதோப்புப் பதியைச் சென்றடைகின்றன.

தெச்சணத்தில் அய்யா ஆறு ஆண்டு தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில் நின்று, அடுத்த இரண்டு ஆண்டு தரையில் அமர்ந்து, கடைசி இரண்டு ஆண்டு மேடையில் இருந்து அந்தத் தவம் நடந்தது. ஊணும் உறக்கமும் சுருங்கிய அந்த உடலைக் கண்டு ஜனங்கள் திரண்டார்கள். நோயாளிகளுக்குத் தண்ணீரும் மண்ணுமே மருந்தாய் அளித்தார். ஏழைகளிடமிருந்து காணிக்கை எதையும் அவர் ஏற்கவில்லை.

தவம் இருந்த நாள்களிலேயே மக்களின் அடுப்பங்கரையையும் அய்யா திருத்தினார். அந்நாளில் ஊர்தோறும் பேய்களுக்கும் சிறுதேவதைகளுக்கும் கொடை நடக்கும். ஆடும் கோழியும் வெட்டுவார்கள், கள்ளும் சாராயமும் ஓடும். வருஷம் முழுவதும் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன் அந்த ஒருநாள் கடன் வாங்கியாவது மூக்கு முட்டத் தின்று குடிப்பான். மறுநாள் உடம்பும் கெட்டிருக்கும், கடனும் தலைமேல் ஏறியிருக்கும். பட்டினி ஒருபக்கம், மிதமிஞ்சிய தீனி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே அந்த மக்கள் தேய்ந்துகொண்டிருந்தார்கள். அய்யா பேய்களை எரித்தார், உயிர்ப்பலி வேண்டாம் என்று விலக்கினார். பலி நின்றபோது அந்த ஒருநாள் பெருந்தீனியும் குடியும் தாமாகவே நின்றன. கொடைக்கு வாங்கும் கடனும் இல்லாமல் போயிற்று. வாயைக் கட்டினால் தலை நிமிரும் என்பதை அந்த மக்கள் தங்கள் வீட்டிலேயே கண்டார்கள்.

மக்கள் தலைநிமிர்வது அரசுக்குப் பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அங்கே 100 நாளுக்கு மேல் இருந்தார். பாலில் நஞ்சைக் கலந்து கொடுத்தார்கள். அய்யா அதை வாங்கிக் குடித்தார், ஒரு தீங்கும் வரவில்லை. புலிக்கூண்டில் விட்டார்கள். புலியும் பணிந்தது. 1839-ம் ஆண்டு மாசி மாதம் விடுதலையாகி, அன்பர்கள் வாகனத்தில் சுமந்துவர, மீண்டும் தெச்சணம் சேர்ந்தார்.

சிறை மீண்டபின் அய்யா நடத்திய பெரும்பணி துவையல் தவசு. எழுநூறு குடும்பத்தார் வீடும் தொழிலும் விட்டு, கன்னியாகுமரிக்கு அருகே வாகைப்பதிக் கடற்கரையில் கூடினார்கள். பின்பு முட்டப்பதியிலும் அந்தத் தவசு நடந்தது. விடியுமுன் எழ வேண்டும். நாளுக்கு மூன்று முறை கடலில் குளிக்க வேண்டும், உடுத்த துணியையும் துவைத்துக் கட்ட வேண்டும். மீனும் இறைச்சியும் கூடாது. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துக் கடல்நீரில் சமைத்த அன்னம் நாளுக்கு ஒருவேளை. அதையும் எல்லாரும் ஒன்றாகவே உண்ண வேண்டும்.

ஏற்கெனவே பசித்திருந்த மக்களிடம் ஒருநேர உணவைச் சொல்லலாமா என்று ஒருவருக்குத் தோன்றலாம். ஆண்டான் குறைத்துக் கொடுத்த சோறு வேறு, தானே மனமொப்பி அளந்து உண்ட சோறு வேறு. முதலாவது மனிதனைக் குனிய வைக்கிறது. இரண்டாவது அவனை நிமிர்த்துகிறது. வாகைப்பதியில் வலியவனுக்கு ஒரு பங்கு, எளியவனுக்கு ஒரு பங்கு என்பது கிடையாது. எழுநூறு குடும்பத்துக்கும் ஒரே அன்னம், ஒரே அளவு. அழுக்கானவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்ட மக்கள் உடலும் உடையும் அடுப்பும் சுத்தமாய் வாழ்ந்து காட்டினார்கள். அவர்களே துவையல் பண்டாரங்கள் என்று பெயர் பெற்றார்கள்.

அந்த அன்னத்தில் ஓர் உடல் நன்மையும் அடங்கியிருக்கிறது. சிறுபயறில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதம். அரிசியில் குறைவாய் உள்ள சத்து பயறிலும், பயறில் குறைவாய் உள்ள சத்து அரிசியிலும் இருப்பதனால், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று நிரப்புகின்றன. எளிதில் செரிக்கும், விலையும் கைக்கு அடங்கும். பெரிய செலவில்லாமல் ஏழையும் உண்ணக்கூடிய நிறைவான உணவு அது.

துவையல் தவசு என்றைக்கும் நடக்க வேண்டிய வாழ்க்கையாக வைக்கப்படவில்லை. அதற்கு ஒரு காலம் இருந்தது. காலம் நிறைந்ததும் தவசு முடிந்தது. உடலை வாட்டிக்கொண்டே இருப்பது அய்யாவின் வழி அல்ல. தவசு காட்டிய சுத்தமும் அளவும் சமத்துவமும் மட்டும் வீட்டுக்கும் பதிக்கும் வந்து தங்கின. இன்றும் உச்சிவேளைப் பணிவிடைக்குப்பின் கிடைக்கும் நித்தப்பால், பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்து அந்தத் தவசை நினைப்பூட்டுகிறது. அரிசியும் பருப்பும் காய்கறியும் ஒன்றாய் வெந்த உம்பான் சோறு, இன்ன சாதி என்று கேளாமல் எல்லார் கையிலும் விழுகிறது. சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரை இறைத்துக் குளித்ததும், ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதும் அந்நாளில் யாரும் நினைத்துப் பாராத காரியங்கள்.

கையேந்தி வாங்கும் அந்தப் பாலின் அளவைக் கவனித்தால் ஒன்று புரியும். முன்னே நிற்பவருக்கு இரண்டு பங்கு போட்டால், கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு இல்லாமல் போகும். ஆகவே அளவு என்பது உடம்பைக் காப்பது மட்டும் அன்று. தன் பங்கைத் தாண்டாதவனுடைய கையிலிருந்துதான் இன்னொருவனுக்கு அன்னம் போகிறது. அளந்து உண்பது தர்மத்தின் முதற்படி.

இன்று தாமிரபரணிக் கரையில் அந்நாளைய பஞ்சம் இல்லை. கார், பிசானம் என்று வயல்கள் விளைகின்றன, நெல்லைச் சீமையில் ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் நிற்கின்றன. பனங்கிழங்குக் கஞ்சி குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு உண்கிறார்கள். அதற்குமேல் பொரித்ததும் இனித்ததும் இடைவேளைக்கு வந்து சேருகின்றன. பனையேறிய கால்கள் இப்போது வண்டியில் போகின்றன. வேலை குறைந்தும் சோறு குறையாததனால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு மடிக்கப்படும் சோற்றைப் பார்த்தால், பழைய கொடைநாள் பெருந்தீனி வேறு உருவில் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

இதற்குக் கடும் பட்டினி மருந்தாகாது. நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் வேளைக்கு உண்ண வேண்டியவர்கள். மருந்து உண்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கடல்நீர் அன்னம் அந்தத் தவசுக்கு உரியது. இன்றைய வீட்டு உலையில் உப்பு குறைவாய் இருப்பதே நல்லது. மற்றவர்கள் பசித்தபின் உட்கார்ந்து, வயிறு முட்டுமுன் எழுந்தால் போதும். சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பயறையும் கீரையையும் கூட்டலாம். குடியை அடியோடு விடலாம். இலையில் வாங்கியதை மிச்சம் வைக்காமல் உண்ணலாம். உலை வைக்கும்போது பசித்தவருக்கு ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை தாங்கலின் அன்னதர்மத்துக்குச் சேர்க்கலாம்.

கொல்லம் 1026 வைகாசி 21, அதாவது 1851-ம் ஆண்டு, அய்யா வைகுண்டம் ஏகினார். உலகில் இருந்த காலம் குறைவு. பொன்னும் நிலமும் அவர் சேர்த்து வைக்கவில்லை. விட்டுச் சென்றவை பதியும், தாங்கலும், எல்லாரும் இறைத்த ஒரு கிணறும், எல்லார் கைக்கும் ஒரே அளவாய் வரும் ஒரு பிடி அன்னமும்தான். அந்த அன்னம் அடுத்தமுறை கையில் விழும்போது, வாகைப்பதி மணலில் ஒருவேளை உண்டு நிமிர்ந்து நின்ற எழுநூறு குடும்பத்தாரையும் நினைத்து உண்போமாக.

அய்யா உண்டு.