ஸிட்னி வைன்பெர்க்: பின்வாசல் வழியே புகுந்தவர்

கலாசாலைப் பட்டம் பெற்று வெளிவரும் நமது வாலிபர்களில் புத்திசாலிகள் பலர் இன்று நாடும் உத்தியோகங்களுள் முதலீட்டு பாங்கு உத்தியோகமும் ஒன்று. எந்தக் கலாசாலையில் படித்தால் இடம் கிடைக்கும், எவருடைய சிபார்சு பலிக்கும் என்று அவர்கள் அல்லும் பகலும் விசாரித்தவண்ணம் இருக்கின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பும் ஸ்தாபனங்களில் நியூயார்க் நகரத்துக் கோல்ட்மன் ஸாக்ஸ் ஒன்றாகும். அந்த ஸ்தாபனத்துக்கு 1930 முதல் 1969 வரையில் தலைமை வகித்த ஸிட்னி வைன்பெர்க் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் அங்கே முதன்முதல் பெற்ற வேலை, கட்டிடத்தைத் துப்புரவு செய்பவருக்கு எடுபிடியாக இருப்பதுதான். முயன்றால் எவருக்கும் கதவு திறக்கும் என்பதற்கு அத்தாட்சியாக அமெரிக்கர் அவர் சரித்திரத்தைச் சொல்வது வழக்கம். அச்சரித்திரம் அவ்வளவு எளிதானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

முதலீட்டு பாங்கு என்பது பொதுஜனங்களிடம் டிப்பாசிட்டு வாங்கிச் சேமித்து வைக்கும் பாங்கி அன்று. கம்பெனிகள் வெளியிடும் ஷேர்களையும் கடன் பத்திரங்களையும் மொத்தமாக ஏற்றுக்கொண்டு, அவற்றைப் பணமுள்ளோருக்கு விற்றுத் தருவதும், கம்பெனி ஒன்றை மற்றொன்று வாங்கும்போது இடைநின்று யோசனை சொல்வதுமே அதன் தொழில். இத்தொழிலுக்கு முதற்பொருள் பணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம்பிக்கை. ஆகவே பழைய குடும்பங்களும், ஒரே கலாசாலையில் பயின்றவர்களும், ஒரே சங்கத்தில் விருந்துண்பவர்களும் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தனர். ரெயில்வே கம்பெனிகளின் கடன் பத்திரங்களும் இரும்புத் தொழிலும் ஜே. பி. மார்கன் போன்ற பெரிய வீடுகளின் கையில் இருந்தன.

கோல்ட்மன் ஸாக்ஸோ அக்காலத்தில் அத்தகைய பெரிய வீடு அன்று. பவேரியாவிலிருந்து 1848-ல் குடியேறிய மார்கஸ் கோல்ட்மன் என்னும் யூதர் 1869-ல் நியூயார்க்கில் அதைத் தொடங்கினார். தோல் வியாபாரிகளிடமும் வைர வியாபாரிகளிடமும் அவர்களுடைய கடன் நோட்டுகளைக் கழிவுக்கு வாங்கி, தமது உயரமான தொப்பிக்குள் செருகிக்கொண்டு, பாங்கிகளுக்கு நடந்து சென்று விற்பார். நமது செட்டியார்களின் உண்டியல் வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்காத விஷயமன்று. யூதர் என்ற காரணத்தால் ரெயில்வே பத்திரங்களில் இடம் மறுக்கப்பட்ட இவர்கள், பெரியோர் அலட்சியம் செய்த சில்லறைக் கடைகளையும் சுருட்டுத் தொழிலையும் நாடினர். 1906-ல் லேமன் சகோதரர்களுடன் சேர்ந்து ஸியர்ஸ் ரோபக் என்ற தபால் வியாபாரக் கம்பெனியின் ஷேர்களைப் பொதுமக்களுக்கு வெளியிட்டதுதான் இவர்களுக்குப் பெயரளித்தது.

அடுத்த ஆண்டில் வைன்பெர்க் அங்கே வந்து சேர்ந்தார். புரூக்லினில் 1891-ல் ஒரு மதுபான வியாபாரியின் பதினொரு குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தவர், உருவத்தில் குள்ளர். படகுத்துறையில் பத்திரிகை விற்ற காலத்தில் மற்றச் சிறுவர்களோடு நிகழ்ந்த சண்டைகளில் பட்ட கத்திக் காயங்களின் தழும்பு அவர் முதுகில் கடைசிவரையில் இருந்தது. 1907-ல் அமெரிக்காவில் பணப்பீதி உண்டாயிற்று. பணத்தைத் திரும்பப் பெற ஜனங்கள் பாங்கி வாசல்களில் வரிசையாக நின்றனர். பையன் வைன்பெர்க்குக்கு அங்கே போட்ட பணம் ஒரு காசுமில்லை. ஆயினும் வரிசையில் நின்று முன்னேறி, அவசரப்பட்டவர்களுக்குத் தன் இடத்தை விலைக்கு விற்றான்! பிறர் பீதியிலும் ஒரு சரக்கைக் கண்ட அந்தக் கண்ணைக் கண்டிப்பதா, மெச்சுவதா என்று நேயர்களே தீர்மானிக்கலாம். வால் ஸ்ட்ரீட்டின் தொழில் அவனுக்கு ரத்தத்திலேயே இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வேலை தேடிய விதத்தை அவரே பிற்காலத்தில் விவரிப்பதுண்டு. உயரமானதொரு கட்டிடத்தின் உச்சி மாடிக்கு ஏறி, ஒவ்வோர் ஆபீஸாகப் பையன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே மாடி மாடியாக இறங்கினார். எங்கும் இல்லை என்றார்கள். ஏறக்குறைய தரைக்கு அருகில் வந்தபோது கோல்ட்மன் ஸாக்ஸில் அகப்பட்டது, வாரத்துக்குச் சில டாலர் சம்பளத்தில் எடுபிடி வேலை. கூட்டாளிகளின் பட்டுத் தொப்பிகளைத் துடைப்பதும், மழைநாளில் அவர்கள் பாதரட்சைகளின் சேற்றை வழிப்பதும் அவர் கடமை. நிறுவனர் நோட்டுகளைச் சுமந்த தொப்பியிலேயே வீடு தொடங்கிற்று. இவரும் தொப்பியிலேதான் தொடங்கினார்.

இவ்விடத்தில்தான் வழக்கமான கதை வழுக்கி விழுகிறது. தொப்பி துடைத்த பையன்கள் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் அநேகர் தொப்பி துடைத்தே கிழவரானார்கள். வைன்பெர்க்குக்கு வேறு கதி ஏற்பட்டதற்குக் காரணம் பால் ஸாக்ஸ் என்பவர். நிறுவனரின் பேரனாகிய அவர் பையனிடம் சூட்டிகையைக் கண்டார். தபால் அறைக்கு மாற்றினார். பையன் அந்த அறையின் ஒழுங்கையே திருத்தியமைத்தான். பிறகு புரூக்லினில் உள்ள ஒரு வியாபாரப் பள்ளிக்கு அனுப்பிக் கையெழுத்தைத் திருத்திக்கொள்ளச் செய்தார். தாம் மட்டும் 1915-ல் வியாபாரத்தை உதறிவிட்டு, ஹார்வர்ட் சர்வகலாசாலையின் சித்திரக் காட்சிச் சாலைக்குப் போய்விட்டார். வால் ஸ்ட்ரீட்டில் இருக்க விரும்பாத ஒரு கனவான்தான் அங்கே வைன்பெர்க்குக்குக் கதவைத் திறந்தவர் என்பது விசித்திரமே.

முதல் மகாயுத்தத்தில் வைன்பெர்க் கடற்படையில் சமையலறை உதவியாளராகச் சேர்ந்தார். திரும்பி வந்து பத்திர வியாபாரத்தில் தேர்ச்சி பெற்று, 1925-ல் நியூயார்க் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஓர் ஆசனமும், 1927-ல் கூட்டாளி ஸ்தானமும் அடைந்தார். அப்போது வீட்டை நடத்திவந்தவர் வாடில் காட்சிங்ஸ். ஹார்வர்டில் பயின்ற, மேடைக்கும் புத்தகத்துக்கும் ஏற்ற அழகர். அவருடைய யோசனையில் 1928 டிஸம்பரில் கோல்ட்மன் ஸாக்ஸ் டிரேடிங் கார்ப்பொரேஷன் என்ற முதலீட்டுக் கம்பெனி பிறந்தது. ஷேர் ஒன்று 104 டாலருக்கு ஜனங்களிடம் விற்கப்பட்டது. அது மற்றொரு கம்பெனியைப் பெற்றது. அந்தக் குழந்தை இன்னொன்றைப் பெற்றது. ஒன்றின் ஷேரை ஒன்று பிடித்துக்கொண்டு நின்ற இந்தக் கோபுரம் 1929 அக்டோபரில் ஆட்டங்கண்டது. 104 டாலர் ஷேர் கடைசியில் 2 டாலருக்கும் கீழே போயிற்று. பணத்தை இழந்தவர்களில் எட்டி காண்டர் என்னும் ஹாஸ்ய நடிகரும் ஒருவர். அவர் வீட்டின் மீது வழக்குத் தொடுத்ததோடு, நாடக மேடையில் அதன் பெயரைப் பரிகாசப் பொருளாகவும் ஆக்கிவிட்டார்.

காட்சிங்ஸ் 1930-ல் வெளியேற்றப்பட்டார், வைன்பெர்க் தலைவரானார். மானம் கெட்ட வீட்டுக்குத் தலைமை என்பது அப்போது கிரீடம் அன்று, சுமை. வீடு செழிப்பாயிருந்திருந்தால் எட்டாம் வகுப்புக்காரரிடம் அதை ஒப்படைத்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பங்குதாரர்களின் நஷ்டத்தின் மேலேதான் அவருடைய வாய்ப்பு நின்றது.

ஆனால் வாய்ப்பை அவர் பயன்படுத்திய விதம் அவருக்கே உரியது. வால் ஸ்ட்ரீட் முழுவதும் ரூஸ்வெல்ட்டை வெறுத்த 1932-ல், அவர் கட்சிக்கு நிதி திரட்டிய சிலரில் இவர் ஒருவர். மறு ஆண்டில் சர்க்காரும் தொழிலதிபர்களும் கலந்து பேச ஓர் ஆலோசனை சபை அமைந்தபோது அதற்கு ஆள் பொறுக்கியதில் இவருக்குப் பங்குண்டு. இவ்விதம் பெரிய கம்பெனித் தலைவர்கள் அனைவரும் அவருக்குத் தெரிந்தவர்களானார்கள். இரண்டாம் மகாயுத்தத்தில் யுத்த உற்பத்தி போர்டுக்காகக் கம்பெனிகளிலிருந்து திறமைசாலிகளைப் பறித்துக்கொண்டு வந்தார். ருஷ்யாவுக்கு ஸ்தானிகராகச் செல்லும்படி ரூஸ்வெல்ட் அழைத்ததையும் மறுத்துவிட்டார். அவர் பல பெரிய கம்பெனிகளின் டைரக்டராக இருந்தார். ஒருவர் அத்தனை ஸ்தாபனங்களைக் கண்காணிக்க முடியுமா? முடியாது என்பதற்கு மக்கெஸன் ராபின்ஸ் மருந்துக் கம்பெனியே சாட்சி. இல்லாத சரக்கை இருப்பதாகக் கணக்கெழுதி வந்த அதன் தலைவரின் மோசடி 1938-ல் வெளிப்பட்டபோது, வைன்பெர்க் அங்கே டைரக்டராகத்தான் வீற்றிருந்தார்.

அவருடைய ஆயுளின் பெரிய காரியம் ஃபோர்டு மோட்டார் கம்பெனி விஷயம். அக்கம்பெனியின் ஷேர்களில் பெரும்பகுதி ஃபோர்டு தர்ம ஸ்தாபனத்தின் கையில் வோட்டுரிமை இன்றிக் கிடந்தது. வோட்டு முழுவதும் குடும்பத்தாரிடம். ஷேர்களை விற்றுப் பணமாக்க வேண்டுமானால் வாங்குவோருக்கு வோட்டு வேண்டும்; குடும்பமோ ஆதிக்கத்தை இழக்க விரும்பவில்லை. இந்த முடிச்சை இரண்டாண்டு காலம் பரம ரகசியமாக உழைத்து அவிழ்த்தார் வைன்பெர்க். நூற்றுக்கு நாற்பது வோட்டு குடும்பத்துக்கும் எஞ்சியது மற்றப் பங்குதாரர்களுக்கும் என்று ஏற்பாடாயிற்று. 1956 ஜனவரியில் ஏறக்குறைய 1 கோடி 2 லட்சம் ஷேர்கள், ஒன்று 64½ டாலர் வீதம், சுமார் 65 கோடி டாலருக்கு விற்பனையாயின. அதற்கு முன் அமெரிக்காவில் இவ்வளவு பெரிய ஷேர் வெளியீடு நடந்ததில்லை. ரெயில்வே பத்திரங்களில் இடமில்லை என்று தள்ளப்பட்ட வீட்டின் வாசலுக்குத் தேசத்தின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று தானாக வந்து நின்றது.

பெரிய மனிதரான பிறகும் வைன்பெர்க் புரூக்லின் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை; கனவான் வேஷமும் போடவில்லை. கலாசாலைக் கீர்த்திக்கு அடையாளமாகப் படிப்பாளிகள் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் பொற்சாவிகளை அடகுக் கடைகளில் வாங்கி வைத்திருந்து, படிப்பைப் பற்றிப் பெருமையடிப்பவர்களுக்கு அவர் பரிசளிப்பாராம். உள்ளே பிறந்தவர்கள் வாய்திறக்கத் தயங்கிய இடத்தில், கம்பெனித் தலைவர்களின் முகத்துக்கு நேரே அவர் பேச முடிந்தது. அவர் எந்தக் கூட்டத்தையும் சேர்ந்தவராக இல்லாததனால் எவருக்கும் அவர்மீது பொறாமை எழவில்லை. வெளியாள் என்ற குறையே அவருக்கு மூலதனமாயிற்று. எனினும் அந்த மூலதனத்தை ஏற்றுக்கொள்ளத் தானும் வெளியே நின்ற ஒரு வீடு தேவைப்பட்டது. மார்கன் வீட்டில் அதே பையன் தொப்பி துடைத்திருந்தால் நாம் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம்.

1969-ல் அவர் காலமானார். அவர் குமாரர் ஜான் வைன்பெர்க் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, ஹார்வர்ட் வியாபாரக் கலாசாலையிலும் பயின்று, 1950-ல் தந்தையின் வீட்டில் சேர்ந்தார். ஹார்வர்டில் பயின்ற மற்றொருவரான ஜான் ஒயிட்ஹெட்டுடன் கூட 1976-ல் அவர் அந்த வீட்டின் தலைவரானார்.